இருக்கிற தமிழைத் திறந்துவிட ஆளில்லை

எங்கள் வீட்டு ஹாலில் இப்போது மூன்று ரிமோட் கிடக்கின்றன. ஒன்று தொலைக்காட்சிக்கு, ஒன்று டிகோடருக்கு, மூன்றாவது பிள்ளைகள் இணையத்தில் படம் பார்க்க வாங்கி மாட்டிய சின்னப் பெட்டிக்கு. அம்மா கேட்பது தமிழ்ச் செய்தியும் ராத்திரி ஒரு நாடகமும்தான். அதற்கே யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் கைதவறி ஏதாவது பொத்தான் அழுந்திவிட்டால், திரையில் நிற்கும் ஆங்கில அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், நாங்கள் வேலை முடிந்து வரும்வரை.

அம்மா படிக்கத் தெரியாதவர் அல்லர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, அதன்பின் பால்மரம் வெட்டப் போனவர். பட்டணத்துக்குக் குடிவந்து புந்தோங்கில் நிலைத்த பிறகும் நாள் தவறாமல் பத்திரிகை படித்தார். தலையங்கம் முதல் மரண அறிவிப்பு வரை ஒரு பக்கம் விடமாட்டார். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றுபோனபோது, சொந்தக்காரர் ஒருவர் தவறிப்போனது போலத்தான் எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம். அப்படிப் படித்த ஒருவரை இந்தக் கருவிகள் சேர்ந்து எழுத்தறியாதவராக ஆக்கி வைத்திருக்கின்றன. என் ஆதங்கம் அதுதான்.

மலேசியாவில் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பர் 28ஆம் தேதி. 1978இல் வண்ணம் வந்தது. அந்தக் காலத்துப் பெட்டியில் திருகு ஒன்று இருக்கும். திருகினால் படம் தெரியும், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் போடும் நாளில் பெட்டி இருக்கும் வீட்டில் அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிடும். கீழே மலாய் எழுத்து ஓடுவதால் மலாய்க்கார அண்டை வீட்டாரும் வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். 1996இல் ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சி வந்தது, அதில் வானவில் என்ற தமிழ் ஒளியலை வந்தது. நாள் முழுக்கத் தமிழ் பார்க்கலாம் என்பது எங்கள் தலைமுறைக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. 2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி, எல்லாரையும் டிஜிட்டலுக்கு மாற்றினார்கள். படம் தெளிவானது உண்மை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு பெட்டி வந்தது, பெட்டியோடு ஒரு ரிமோட், ரிமோட்டோடு ஒரு பட்டியல். எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் பெட்டியிலும் அந்தப் பட்டியல் தமிழில் இருந்ததில்லை. நிகழ்ச்சி தமிழ், அதற்குப் போகும் வழி மட்டும் வேறு மொழி.

போதாததற்கு அப்டேட். நாடகம் எந்த இடத்தில் இருக்கிறது, அம்புக்குறியை எத்தனை தடவை கீழே அழுத்த வேண்டும் என்று அம்மா மனப்பாடம் செய்து வைத்திருப்பார். ஒரு காலையில் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். இளையவர்களுக்கு அது ஒரு நிமிட எரிச்சல். எழுத்தைப் படிக்காமல் இடத்தை வைத்தே நினைவில் கொண்டவருக்கு, படித்த பாடம் முழுக்க அழிந்துபோகிறது.

கைப்பேசிக் கதை இன்னும் மோசம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு கடை வாசலில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து மைசெஜாத்ரா செயலியில் பதிந்தால்தான் உள்ளே போகலாம் என்ற நிலை அப்போது இருந்தது. அதுவரை பொத்தான் போன் வைத்திருந்த பெரியவர்கள் கையில் அப்போதுதான் திறன்பேசி ஏறியது. புதிதாக வாங்கிக் கொடுத்தவர்கள் குறைவு. பிள்ளைகள் தங்களுக்குப் புதுசு வாங்கிக்கொண்டு, பழையதை அம்மா அப்பாவிடம் கொடுத்தார்கள். கொடுத்தது தப்பில்லை. ஆனால் கொடுக்கும்போது மொழியை மாற்றிக் கொடுக்கவில்லை. பிள்ளைக்கு வசதியாக இருந்த ஆங்கிலம் அப்படியே தாயின் கைக்கு வந்துவிட்டது. ஆண்டிராய்டு போனில் 2014லிருந்தே தமிழ் இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் மொழியில் தமிழைத் தொட்டால் போதும். ஆனாலும் தெருவில் என்னிடம் போனை நீட்டி, “தம்பி, இதுல என்னமோ வருதுப்பா, பாத்துச் சொல்லு” என்று கேட்கும் அக்காமார், பாட்டிமார் அத்தனை பேருடைய போனும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இதில் தமிழ் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதே இல்லை.

அடுத்து வாட்சப். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாச் செய்தியும் அதில்தான் வருகின்றன, தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில். நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள் என்ற சாவுச் செய்தி என் பெரியம்மாவின் போனில் ராத்திரியே வந்து கிடந்தது. எழுதியவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், பெரியம்மாவும் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். இருவருக்கும் தெரிந்த எழுத்தில் அந்த நான்கு வரி இருந்திருந்தால் பெரியம்மா தன் சிநேகிதியின் முகத்தைக் கடைசியாகப் பார்த்திருப்பார். பேரன் தூங்கி எழுந்து படித்துச் சொன்னபோது மயானத்துக்குப் போயாகிவிட்டது.

தமிழில் தட்டச்சு செய்வது கஷ்டம் என்கிறார்கள். இதை மலேசியாவில் இருந்துகொண்டு சொல்கிறோமே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கணினியில் தமிழ் எழுதும் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுப் பிள்ளை. ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ தொகுத்த முரசு நெடுமாறனின் மகன். தமிழ்நாட்டிலேயே கணினியில் தமிழ் என்பது பலருக்குப் புதுமையாக இருந்த 1980களில் தொடங்கிய உழைப்பு அது. பிறகு கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப ‘செல்லினம்’ வந்தது. 2013இல் ஐபோனில் தமிழ் விசைப்பலகை வந்தபோது அதில் அஞ்சல் முறையும் இருந்தது. ‘அம்மா’ என்பதை ஒலிப்படி ஆங்கில விசையில் தட்டினால் தமிழெழுத்தில் வந்து நிற்கும். அதே விரல், அதே விசை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டத் தெரிந்த எவருக்கும் இதைப் பழக ஒரு சாயங்காலம் போதும். உலகத் தமிழர்களுக்குச் செய்து கொடுத்தவர் நம் ஊர்க்காரர், நாம்தான் அதைத் தொடாமல் வைத்திருக்கிறோம்.

தெருவுக்கு வந்தால் பதாகை. மழை விட்டதும் டெங்கி, டெங்கி வந்ததும் கால்வாய் ஓரத்தில் விழிப்புணர்வுப் பதாகை. நான்கு மொழியில் அடிக்கிறார்கள், அந்த அக்கறைக்கு நன்றி. ஆனால் தமிழ் வரியைப் படிக்க முடிகிறதா? ‘கொசு’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். பதாகையில் ககரம் தனியே நிற்க, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் கிடக்கும். சில இடத்தில் எழுத்துக்குப் பதிலாகப் புள்ளி வட்டம் ஒன்று முளைத்திருக்கும். காரணம் சின்னது. யூனிகோடில் ககரத்தை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும்தான் சேமிக்கிறார்கள். அதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசைக்கு மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில் அந்த வசதியை அமைப்பில் போய்த் தேர்ந்தெடுத்தால்தான் நடக்கும். தேர்ந்தெடுக்காமல் ஒட்டினால் எழுத்து சிதறும். வடிவமைத்தவருக்குத் தமிழ் தெரியாது. அச்சடித்தவருக்கும் தெரியாது. தொங்கவிட்டவருக்கும் தெரியாது. இத்தனை கை மாறும்போது தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம். இந்திய வாக்காளர் விகிதம் நாட்டிலேயே மிக அதிகமாக உள்ள சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று புந்தோங். இங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஆளைத் தேடிக் கடல் தாண்டவா வேண்டும்? கச்சாங் பூத்தே கம்பத்தில் முறுக்கு பிழிகிற வீடு எதிலாவது கதவைத் தட்டினால் திருத்திக் கொடுப்பார்கள். தேர்தல் சுவரொட்டியில் கொம்பும் காலும் ஒழுங்காகத்தானே வந்து நிற்கின்றன.

தொலைபேசிச் சேவை மையம் இருக்கிறது, அது தனி வதை. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பதிவு செய்த குரல். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே வரும். பாசாரில் மீன்காரரிடம் சண்டை போட்டு விலை குறைக்கிற மலாய். ஆனால் அந்தப் பதிவுக்குரல் பேசுவது அலுவலக மலாய், அதுவும் வேகமாக. எந்த எண் தனக்கானது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், இல்லை துண்டித்துவிடும். ஒரு மாதம் எங்கள் வீட்டுக் கட்டணச் சீட்டில் வாங்காத சேவைக்கு இருபது வெள்ளி சேர்ந்து வந்தது. மனிதக் குரல் ஒன்றைப் பிடிப்பதற்குள் நான் அரை நாள் லீவு எடுக்க வேண்டியதாயிற்று. அம்மா தனியாக இருந்திருந்தால் பேசாமல் அந்த வெள்ளியைக் கட்டியிருப்பார். அப்படிப் பேசாமல் கட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்களோ என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சரி, தமிழ் நிகழ்ச்சியாவது முழுத் தமிழில் இருக்கிறதா? அறிவிப்பாளப் பிள்ளைகள் துடிப்பாகப் பேசுகிறார்கள், எனக்கும் அவர்களைப் பிடிக்கும். ஆனால் போட்டியின் விதிமுறை, பரிசு வெல்லும் வழி, மருத்துவர் சொல்லும் மருந்து அளவு என்று முக்கியமான இடம் வரும்போதுதான் வாக்கியம் ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. “என்னப்பா சொன்னா அந்தப் பொண்ணு?” என்று அம்மா என் பக்கம் திரும்புகிறார். இனிப்புநீருக்கு மருந்து சாப்பிடுகிறவர் அவர். மருத்துவ நிகழ்ச்சியைக் கலகலப்புக்காகப் பார்க்கவில்லை. பேச்சில் ஆங்கிலம் கலப்பதை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை, நம் பேச்சில் மலாயும் சீனமும் எத்தனையோ கலந்திருக்கின்றன. கேட்கிறவருக்குத் தேவையான செய்தியை அவருக்குப் புரியாத மொழியில் வைப்பதைத்தான் குற்றம் என்கிறேன்.

இதையெல்லாம் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள், “அதான் நாங்க இருக்கோமே, கேட்டா செஞ்சு தர மாட்டோமா?” என்கிறார்கள். செய்து தருவார்கள், பாசமான பிள்ளைகள்தான். ஆனால் விடியுமுன் எழுந்து மலைக்காட்டில் தனியாக நிரை பிடித்து மரம் வெட்டி, சம்பளக் கணக்கைத் தானே எழுதி வைத்து, கிராணியிடம் காசு குறைந்தால் நேருக்கு நேர் கேட்ட பெண், ஒரு நாடகம் பார்க்க எதற்குப் பேரனிடம் கேட்டு நிற்க வேண்டும்? ஒரு தடவை, இரண்டு தடவை கேட்பார். பிள்ளை போனில் மூழ்கியிருந்தால் மூன்றாவது தடவை கேட்கமாட்டார். “ஒண்ணும் பெரிசா இல்லப்பா, நான் படுக்குறேன்” என்று எழுந்து போய்விடுவார்.

தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் வரை காவடி எடுத்துப் போக எத்தனை இளைஞர்கள் திரளுகிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம்தான் கேட்கிறேன். உங்கள் பாட்டி போனை இன்றைக்கே வாங்கி மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், உங்கள் போனில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து அவருக்கு முதல் செய்தியைத் தமிழெழுத்தில் அனுப்புங்கள். அச்சகத்தில் வேலை செய்கிற தம்பிகள் யாராவது இருந்தால், அடுத்த டெங்கிப் பதாகை அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியை வாசித்துப் பாருங்கள். டிகோடர் விற்கிறவர்களும் சேவை மையம் நடத்துகிறவர்களும் தமிழில் ஒரு பட்டியல், தமிழில் ஒரு குரல் வைக்க வேண்டும். மாதாமாதம் நம்மிடம் பணம் வாங்குகிறவர்கள் அவர்கள், கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அவர்களிடம் எழுதிக் கேட்கிற கடிதத்தில் கையெழுத்துப் போட எங்கள் தெருப் பெரியவர்கள் தயாராக இருக்கிறார்கள், தமிழில்.