பொடியின்மேல் பூசிய பசை



இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு உங்களுள் சிலர் புன்னகை புரியலாம். பழைய காரின் உட்கூரையிலிருந்து தொங்கும் துணியைப்பற்றிப் பங்குக் குரு ஒருவர் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கார் வைத்திருப்போருக்குச் சில பயனுள்ள குறிப்புகள் இதில் உண்டு. கார் இல்லாதோரும் இறுதிவரை படிக்க வேண்டுகிறோம். ஏனெனில் அந்தத் துணி நமக்குக் கற்பித்த பாடத்தை நாம் குருமடத்தில் எப்போதோ படித்திருந்தும், கற்றிருக்கவில்லை.

நம் பங்கின் கார் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலிக்குச் செல்லவும், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு போகவும், அகால வேளையில் யாரையேனும் மருத்துவமனையில் சேர்க்கவும் அதுவே நமக்குத் துணை. எஞ்சினில் குறையில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோடையில், பின் இருக்கைக்கு மேலே கூரைத் துணி சிறிது தளர்ந்து, குழந்தையின் தொட்டில்போல் வளைந்து தொங்கத் தொடங்கியது. அறைவீட்டு மேசையிலிருந்து குண்டூசிகள் சிலவற்றை எடுத்துக் குத்தி வைத்தோம். ஊசிகளுக்கு இடையே துணி மறுபடி தொங்கியது. மேலும் ஊசிகள் குத்தினோம். மறைக்கல்விச் சிறுவர்கள் அதை அண்ணாந்து பார்த்து, விண்மீன்கள் என்று எண்ணி விளையாடினார்கள்.

பிறகு நமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. துணியின் ஓரத்தைப் பிரித்து, உள்ளே தூரிகையை நுழைத்துப் பசையைத் தாராளமாகப் பூசி, உள்ளங்கையால் அழுத்திவிட்டோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்தவர்கள், கார் புதிதுபோல் இருக்கிறதே என்றார்கள். நாமும் மகிழ்ந்தோம். தவக்காலம் வந்தது, பங்குனி வெயில் வந்தது. ஒருநாள் பிற்பகலில் கதவைத் திறந்தபோது, துணி முழுவதும் பசைக் கறைகளோடு இருக்கைமேல் சரிந்து கிடந்தது. மீண்டும் ஊசிகளைத் தேடி எடுத்தோம்.

அந்த நிலையில்தான் ஓர் இரவு, கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து பேறுகாலத்துப் பெண் ஒருத்தியை நகர மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. பதினெட்டுக் கிலோமீட்டர் தொலைவு, நாமே ஓட்டினோம். புழுக்கம் தாளாமல் கண்ணாடிகளை இறக்கியிருந்தோம். நெடுஞ்சாலையில் வேகம் கூடியதும் காற்று உள்ளே புகுந்து, துணியைப் பாய்மரம்போல் உப்பச் செய்தது. ஊசிகள் தெறித்தன. பின்புறம் காட்டும் கண்ணாடியில் துணியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பின்னால் வந்த லாரியைக் காணாமல் வலப்புறம் ஒடித்தோம். அதன் ஒலிப்பான் நம் காதருகே அலறியபோதுதான் விழித்து இடப்புறம் திரும்பினோம். ஒரு முழ இடைவெளியில் லாரி கடந்து சென்றது.

இறைவன் காத்தார். எஞ்சிய வழி முழுவதும் அப்பெண்ணின் தாய் இரு கைகளையும் உயர்த்தித் துணியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வலியால் துடித்த மகளைத் தாங்கவேண்டிய கைகள் நம் சோம்பலைத் தாங்கிக்கொண்டிருந்தன. அன்றிரவு குழந்தை நலமாகப் பிறந்தது. நமக்கு மட்டும் விடியும்வரை உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை, பேருந்து நிலையத்துக்கு அருகே கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் குஷன் கடைக்குச் சென்றோம். வயது முதிர்ந்த இசுலாமிய அன்பர் ஒருவர். நாற்பது ஆண்டுகளாக இதே தொழில். நாம் வாங்கிய பசை மட்டமானது என்று அவரிடம் குறைகூறினோம். அவர் பேசாமல் துணியின் ஒரு மூலையைத் திருப்பி, விரலால் தேய்த்து நம்மிடம் காட்டினார். விரல் முழுவதும் செம்மஞ்சள் நிறப் பொடி.

“ஃபாதர், பசைமேல குத்தம் இல்ல. நீங்க பொடிமேல பூசியிருக்கீங்க. பசை பொடியப் புடிச்சுக்கிச்சு. பொடி எதையும் புடிக்கல. பழசு போகாம புதுசு ஒட்டாது” என்றார்.

அவர் விளக்கியதையும், பின்னர் நாம் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். 2014-ஆம் ஆண்டு உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போன்ற பழைய அமைப்புக் கார்களில், தைத்த துணியைக் குறுக்குக் கம்பிகளில் கோத்துத் தொங்கவிட்டு, ஓரங்களில் இழுத்து ஒட்டியிருப்பார்கள். பின்னர் வந்த கார்களிலோ, கூரையின் வடிவத்துக்கு ஏற்ப அச்சில் வார்த்த ஓர் அட்டை இருக்கும். அந்த அட்டைக்கும் வெளியே தெரியும் துணிக்கும் இடையே மெல்லிய ஸ்பாஞ்சுப் படலம் ஒன்று உண்டு. துணி அட்டையில் நேராக ஒட்டப்படுவதில்லை; ஸ்பாஞ்சின் முதுகே அட்டையில் ஒட்டப்படுகிறது. இந்த ஸ்பாஞ்சு பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்னும் வேதியியலறிஞரும் அவருடைய துணைவர்களும் உருவாக்கிய முறையிலிருந்து பிறந்தது அது.

மென்மைக்குப் பெயர்பெற்ற இப்பொருளுக்கு வெப்பமும் ஈரமும் பகை. வெயிலில் அடைத்து நிறுத்திய காருக்குள் சூடு 60 பாகையை எளிதில் தாண்டும்; தகட்டை ஒட்டிய கூரையில் அது இன்னும் மிகுதி. ஆண்டுக்கணக்கில் வெயிலும் மழைக்கால ஈரமும் மாறிமாறித் தாக்க, ஸ்பாஞ்சின் நுண்ணிய இணைப்புகள் அறுந்து அது பொடியாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் துணி நன்றாகவே தெரியும், கிழிசலும் இராது. உள்ளே மட்டும் பிடிமானம் இல்லை.

ஆகவே இதற்கு ஒரே வழி, முழுவதையும் கழற்றுவதுதான். தாமே செய்ய விரும்புவோருக்காக முறையைச் சொல்கிறோம். முதலில் பாட்டரியின் எதிர்மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பிறகு வெயில் மறைப்பான்கள், கைப்பிடிகள், கூரை விளக்கு, ஓரச் சட்டங்கள் ஆகியவற்றை வரிசையாகக் கழற்றி, திருகாணிகளை எது எங்கே உரியது என்று குறித்து வையுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: பிற்காலத்துக் கார்கள் சிலவற்றில் கூரையின் பக்க ஓரங்களில் உயிர்காக்கும் ஏர்பேக்குகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அத்தகைய காரில் நீங்கள் கை வைக்க வேண்டா. பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

முன் இருக்கைகளைச் சாய்த்து, இருவராக அட்டையைத் தாங்கி மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். ஒருவரே இழுத்தால் அட்டை நடுவில் மடிந்து முறியும். பிறகு அந்த மடிப்பு எந்தத் துணிக்கும் மறையாது. வெளியே எடுத்தபின் பழைய துணியை உரித்துவிடுங்கள். அது எளிது, ஒரே இழுப்பில் வந்துவிடும். அதன் பின்புதான் உண்மையான வேலை தொடங்குகிறது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் அட்டையிலுள்ள பொடி முழுவதையும் தேய்த்து அகற்ற வேண்டும். கம்பித் தூரிகை அட்டையைக் கிழித்துவிடும். தேய்த்துத் தட்டி, மறுபடி தேய்த்து, உள்ளங்கையால் தடவினால் கையில் ஒன்றும் ஒட்டாத நிலை வரும்வரை செய்ய வேண்டும். குஷன் கடை அன்பர் துணி ஒட்டுவதற்கு எடுத்துக்கொண்டது ஒரு மணி நேரம். தேய்ப்பதற்கு எடுத்துக்கொண்டது அரை நாள். நாமும் உடனிருந்து தேய்த்தோம். நம் வெள்ளை அங்கி அன்று மஞ்சளானது.

புதுத் துணி, முதுகில் ஸ்பாஞ்சு சேர்ந்ததாகவே கடைகளில் கிடைக்கிறது. அட்டையைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் மிகுதியாக வெட்டிக்கொள்ளுங்கள். மரவேலைக்குரிய வெள்ளைப் பசை உதவாது. வெப்பம் தாங்கும் ரப்பர் பசையே வேண்டும். துணியைப் பாதியாக மடித்துப் போட்டு, அட்டையிலும் துணியின் முதுகிலுமாக இரு பக்கங்களிலும் மெல்லியதாகப் பூசுங்கள். பூசியவுடன் ஒட்டக்கூடாது. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு இருக்கும், ஆனால் பசை விரலோடு வராது என்ற பதம்வரை சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கையால் நீவிக்கொண்டே செல்லுங்கள். பள்ளமான இடங்களில் துணியை இழுக்காமல் உள்ளே அமுக்குங்கள். ஒரு பாதி முடிந்ததும் மறுபாதி. ஓரங்களை அட்டையின் பின்புறம் மடித்து ஒட்டி, ஒருநாள் முழுதும் உலரவிட்டு மாட்டுங்கள். பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆதலால் காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்போ பீடியோ அருகில் இல்லாமல் செய்வது நலம்.

தேய்த்துக்கொண்டிருந்த அந்த அரை நாளில், நம் உள்ளம் காரில் இல்லை. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் இருந்தது. அங்கே இரு சகோதரர்கள், ஒரே கிணற்றின் இரு கரைகளில் வாழ்ந்தும் ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்தார்கள். ஊரறிந்த செய்தி ஆதலால் இங்கே கூறுகிறோம். ஒரு பாஸ்கா விழாவில், திருப்பலி முடிந்ததும் நாம் இருவரையும் பீடத்தின்முன் அழைத்து, கைகோக்கச் செய்து, ஆசி வழங்கினோம். மக்கள் கண்ணீர் வடித்தார்கள். கோயில் மணியை அடிக்கச் சொன்னோம். நிழற்படமும் எடுக்கப்பட்டது. ஆறு மாதம் செல்லவில்லை; கிணற்று நீர் முறைபற்றிய ஒரு சிறு சொல்லில் எல்லாம் அறுந்து விழுந்தது. இம்முறை பழைய பகைக்கு மேல் அவமானமும் சேர்ந்துகொண்டது. இவர்களுக்கு ஈகை உள்ளம் இல்லை என்று நாம் அவர்களைக் குறைகூறினோம், பசையைக் குறைகூறியதுபோல.

உண்மை என்னவென்றால், அவர்களுக்கிடையே என்ன நடந்தது என்று நாம் ஒருமுறையும் உட்கார்ந்து கேட்டதில்லை. அவர்களுடைய தாயின் அடக்க நாளில் மூத்தவர் சொன்ன ஒரு சொல் இளையவர் நெஞ்சில் கிடந்து பொடிந்துகொண்டிருந்தது. தாயின் கடைசி நாள்களில் தனியாக மருந்துச் செலவைச் சுமந்த துயரம் மூத்தவரை அரித்துக்கொண்டிருந்தது. இவை எதையும் தொடாமல், அவற்றின் மேலேயே நாம் கைகுலுக்கலைப் பூசினோம். நமக்கு வேண்டியிருந்தது ஒப்புரவு அன்று. விழாவுக்கு ஓர் அழகிய காட்சி.

அன்பர்களே, திருச்சபை இதை நன்கறியும். 1551-ஆம் ஆண்டு கூடிய திரெந்துப் பொதுச்சங்கம், பாவசங்கீர்த்தனத்தில் மனிதன் தன் பங்காகச் செய்யவேண்டியவை மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என மூன்றைக் கூறிற்று. மன்னிப்பு இறைவனின் இலவசக் கொடை. அதைத் தேய்த்துச் சம்பாதிக்க முடியாது. ஆனால் உள்ளதை உள்ளபடி வெளிக்கொணர மறுப்பவன், அந்தக் கொடை ஒட்டுவதற்கு இடமே விடுவதில்லை. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகும்படி ஆண்டவர் பணித்தார். நாமோ சகோதரர்களைப் பீடத்தின்முன் நிறுத்திவிட்டு, போகவேண்டிய தொலைவைப் போகாமலே விட்டோம்.

நம் இல்லங்களிலும் இது நிகழ்கிறது. கணவன் மனைவியிடையே மனத்தாங்கல் வந்தால், பிள்ளைகளின் முன்னே சரியாகிவிட்டது என்று சொல்லி ஒரு புடவை வாங்கித் தருகிறோம். மாமியாரும் மருமகளும் விழா நாளில் ஒன்றாக அமர்ந்து உண்கிறார்கள். விழாவுக்கு விழா ஓர் ஊசி குத்துகிறோம். வெயில் வராதவரை எல்லாம் நிற்கிறது. நோயோ கடனோ வரும் நாளில்தான் எங்கே பிடிமானம் இல்லை என்று தெரிகிறது; அன்று யாரோ ஒரு தாய் இரு கைகளாலும் அதைத் தாங்கிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

கார் சீரான மறுவாரம், நாம் அந்தச் சகோதரர்களைத் தேடிச் சென்றோம். முதலில் மூத்தவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “உங்களை அன்று அவசரப்படுத்தியது எம் பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பேசத் தொடங்கி, விளக்கு வைக்கும் நேரம்வரை பேசினார். இளையவரிடமும் அவ்வாறே. அறிவுரை ஒன்றும் கூறவில்லை, கேட்டோம், அவ்வளவே. நான்காம் முறை சென்றபோது, தாயின் மருந்துக் கணக்கை இளையவர் தாமே எடுத்து வந்தார்.

இன்று அவர்கள் கிணற்றடியில் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் இன்னும் உண்ணவில்லை. நாமும் அவசரப்படுத்தவில்லை, பதம் வரட்டும் என்று காத்திருக்கிறோம். அவர்களுக்காக உங்கள் குடும்பச் செபமாலையில் ஒரு மணியேனும் சொல்லுங்கள்.

கூரைத் துணி இரண்டு கோடைகளைக் கடந்துவிட்டது; ஓரிடத்திலும் தளரவில்லை. சென்ற மாதம் அந்தத் தாய், நடக்கத் தொடங்கிவிட்ட பேரனோடு அதே காரில் ஏறினார். ஏறியவுடன் பழைய நினைவில் கையை மேலே உயர்த்தினார். பிறகு சிரித்துக்கொண்டே கையை இறக்கிக் குழந்தையை அணைத்துக்கொண்டார்.