போலீஸ் கண்டுகொள்ளாத 15 வயதுக் கவிஞர்

1877 ஜனவரி 1. டெல்லியில் கூடாரங்கள், யானைகள், நகை ஜொலிக்கும் ராஜாக்கள். விக்டோரியா மகாராணியை 'இந்தியாவின் பேரரசி' என்று அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் பிரபு நடத்திய தர்பார் அது. மகாராணி வரக்கூட இல்லை. இங்கிலாந்தில் இருந்தபடியே பேரரசி ஆகிவிட்டார்.

அதே நேரத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்களே, அந்தப் பஞ்சம்தான்.

இந்த தர்பாரைப் பார்த்துக் கொதித்துப்போன ஒரு பையன் கல்கத்தாவில் கவிதை எழுதினார். அந்த ஆண்டு நடந்த 'இந்து மேளா'வில் ஒரு மரத்தடியில் நின்று அதைச் சத்தமாகப் படித்தார். வயது 15. பெயர் ரவீந்திரநாத் தாகூர்.

இந்து மேளா என்றதும் ஏதோ கோயில் திருவிழா என்று நினைக்க வேண்டாம். காங்கிரஸ் பிறப்பதற்கு 18 வருடங்களுக்கு முன்பே, 1867-ல் தொடங்கிய கூட்டம் இது. நடத்தியவர் நவகோபால் மித்ரா. பத்திரிகையோ சர்க்கஸோ எதைத் தொடங்கினாலும் 'நேஷனல்' என்ற சொல்லை முன்னால் ஒட்டிவிடுவாராம். அதனால் ஊரே அவரை 'நேஷனல் நவகோபால்' என்று கிண்டல் செய்தது. மேளாவில் உள்ளூர்க் கைவினைப் பொருட்கள் கண்காட்சியாக இருக்கும், மல்யுத்தம் இருக்கும், தேசத்தைப் பற்றிய பாட்டும் கவிதையும் இருக்கும். தாகூர் குடும்பம்தான் இதற்குப் பெரிய ஆதரவு. இந்தியாவின் முதல் ஐ.சி.எஸ். அதிகாரியான அண்ணன் சத்யேந்திரநாத்தே மேளாவுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்!

அன்றைக்கு கல்கத்தாவில் படித்தவர்களின் அரசியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மனு எழுதுவார்கள், பணிவாக ஆங்கிலத்தில் பேசுவார்கள். மேளாவில் வங்காளி மொழி. மைக் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நின்று கேட்கலாம். சந்தத்தோடு சொன்னால் நாலு வரியாவது மனதில் தங்கி வீட்டுக்கும் போகும். கவிதைக்கு அங்கே அவ்வளவு மரியாதை இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தாகூருக்கு 1877 முதல் மேடையும் இல்லை. 1875 பிப்ரவரியிலேயே, 14 வயதுகூட நிறையாதபோது, இதே மேளாவில் ஒரு கவிதை படித்தார். சில நாட்களில் அது 'அம்ரித பஜார் பத்ரிகா'வில் அவர் பெயரோடு அச்சானது. தர்பார் கவிதைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஏனென்றால் லிட்டனுக்குச் சுதேச மொழிப் பத்திரிகைகள் என்றாலே ஆகாது. 1878 மார்ச்சில் 'வெர்னாகுலர் பிரஸ் சட்டம்' கொண்டுவந்தார். இந்திய மொழியில் வரும் பத்திரிகை அரசுக்கு எதிராக எழுதினால் ஜாமீன் தொகை கேட்கலாம், அச்சகத்தையே பறிமுதல் செய்யலாம். கோர்ட்டுக்கும் போக முடியாது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அதுவரை வங்காளியும் ஆங்கிலமும் கலந்து வந்த அம்ரித பஜார் பத்ரிகா, ஒரே ராத்திரியில் முழு ஆங்கிலப் பத்திரிகையாக மாறித் தப்பித்தது. ஆசிரியர் குழு அன்றைக்கு எப்படி வேலை பார்த்திருக்கும் என்று டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நினைக்கவே மூச்சு வாங்குகிறது. பத்திரிகை மொழி மாறலாம். வங்காளிக் கவிதை எங்கே போகும்?

அண்ணன் ஜோதிரிந்திரநாத்தின் நாடகத்துக்குள் போனது. 1882-ல் வந்த 'ஸ்வப்னமயி' நாடகம் ஔரங்கசீப் காலத்தில் நடக்கிற கதை. அதில் தம்பியின் கவிதையைச் சேர்த்தார்கள். 'பிரிட்டிஷ்' என்று இருந்த இடத்தில் 'மொகலாயர்' என்று மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான், கவிதை பத்திரமாகிவிட்டது.

சாமர்த்தியம்தான். ஆனால் எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. அந்தக் கால வங்காள எழுத்தாளர்கள் பலர் செய்த வேலைதான் இது. வெள்ளைக்காரனைத் திட்ட முடியாததால் மொகலாயரைத் திட்டுவது. விஷயம் தெரிந்தவருக்கு உள்ளர்த்தம் புரியும். தெரியாதவர்? கோபம் முழுவதையும் அடுத்த வீட்டு முஸ்லிம்மீது அல்லவா இறக்கிவைப்பார்? லிட்டனின் சட்டத்தைப் பின்னால் வந்த ரிப்பன் பிரபு நீக்கிவிட்டார். இப்படி இறக்கிவைத்த கோபத்தை நீக்குவதற்குச் சட்டம் எதுவும் இல்லை.

தாகூர் தன் நினைவுக் குறிப்புகளில் இந்தச் சம்பவத்தைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். அன்றைய அரசாங்கத்துக்கு ரஷ்யாவைப் பார்த்துத்தான் பயம், பதினாலு பதினைந்து வயதுப் பையனின் பேனாவைப் பார்த்து இல்லை என்கிறார். கவிதையில் வயசுக்கேற்ற நெருப்பு இருந்தும் படைத் தளபதியிலிருந்து போலீஸ் கமிஷனர் வரை யாரும் அசையவில்லையாம்.

போலீஸ் வராவிட்டால் என்ன, அரசு அதிகாரி ஒருவர் கூட்டத்தில் இருந்தார். நபீன்சந்திர சென். அன்றைக்கே பெயர்பெற்ற கவிஞர், உத்தியோகம் டெபுடி மாஜிஸ்திரேட். அவர் யாரிடமும் போட்டுக்கொடுக்கவில்லை. பல வருடம் கழித்து, அன்று மரத்தடியில் நின்ற பையனைத் தாகூரிடமே ஞாபகப்படுத்தினார்.

1896-ல் கல்கத்தா பீடன் சதுக்கத்தில் காங்கிரஸ் மாநாடு. இப்போது தாகூருக்கு வயது 35. 'வந்தே மாதரம்' பாடலை அந்த மேடையில் பாடியவர் அவர்தான். 1903-ல் கர்சன் பிரபு இன்னொரு டெல்லி தர்பார் நடத்தினார். அதைப் பற்றியும் தாகூர் எழுதினார். இந்த முறை கவிதை இல்லை, கட்டுரை.