ஒரு மணித்தியால வேலைக்குப் பத்து மணித்தியாலமா?



மட்டக்குளியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு பழைய கணனி இருக்கிறது. மர்ஹூம் வாப்பாவின் குரல், தம்பியின் கல்யாண வீடியோ, பிள்ளைகள் தவழ்ந்த காலத்துப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். சென்ற நோன்புக்குக் கொஞ்சம் முந்தி அதன் ஹார்ட் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று சத்தம் போடத் தொடங்கியது. விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டோம். “இது எந்த நேரமும் நின்று போகலாம். உள்ளதை உடனே வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்” என்றார்.

கீழே ஹாலில் மகனின் புதிய கணனி. இரண்டையும் இணைக்க ரவுட்டரும் வயரும் ஏற்கெனவே உண்டு. மொத்தம் 400 ஜிகாபைட். மகன் கொப்பி பண்ணத் தொடங்கியதும் திரையில் காட்டிய நேரத்தைப் பார்த்து உம்மா தலையில் கை வைத்தார். பத்து மணித்தியாலம்! அதுவரை அந்த டிஸ்க் தாக்குப் பிடிக்குமா?

“இன்டர்நெட் ஸ்பீட் காணாது. பெரிய பக்கேஜுக்கு மாறுவோம்” என்றார் என்னவர்.

நம்மில் பலர் தவறும் இடம் இதுதான். ஒரு அறையிலுள்ள கணனியிலிருந்து அடுத்த அறைக் கணனிக்குப் பைல் போக இன்டர்நெட் தேவையே இல்லை. வெளி லைன் அறுந்து கிடந்தாலும் அது போகும். குசினியிலிருந்து சாப்பாட்டு மேசைக்குக் கறி கொண்டுபோக வீதியில் இறங்கவா வேண்டும்? பக்கேஜைப் பெரிதாக்கினால் மாதப் பில்தான் பெரிதாகும். இந்த வேலை ஒரு நிமிடமும் முன்னால் முடியாது.

அப்படியானால் எங்கே தடங்கல்? திரையில் ஓடும் இலக்கமே அதைச் சொல்லிவிடும்.

கடைக்காரர் ‘கிகாபிட்’ என்று சொல்லி விற்பது வினாடிக்கு 1000 மெகாபிட். கொப்பி பண்ணும்போது திரை காட்டுவதோ மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். சதத்தை ரூபாயாக மாற்றுவது போல எட்டால் பிரித்துப் பாருங்கள்: 125 வரும். வழிச் செலவு போக, கைக்கு வருவது ஏறக்குறைய 110. எங்கள் திரையிலோ 11தான் ஓடியது. இந்த 11ஐ நன்றாக நினைவில் வையுங்கள். வேகம் 11ஐச் சுற்றியே அசையாமல் நின்றால், உங்கள் வயர்ப் பாதை 1000இலிருந்து 100க்கு இறங்கிவிட்டது என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

ஏன் இறங்குகிறது? அந்த வயருக்குள் எட்டுச் சிறு கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகளாக இருக்கின்றன. பழைய 100 மெகாபிட் முறைக்கு இரண்டு சோடி போதும். சாதாரணச் செப்பு வயரில் கிகாபிட் ஓட்டும் முறைக்கு 1999இல் தர விதி வந்தபோது, நான்கு சோடியும் வேலை செய்தாக வேண்டும் என்று வைத்தார்கள். இதில் ஒரு கம்பி நசிந்தாலும் பல கருவிகள் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் 100க்கு இறங்கி ஓடும். இன்டர்நெட் வரும், படம் ஓடும், எல்லாம் நலம் போலத் தெரியும். பெரிய பைல் ஒன்றை மாற்றும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

மகன் கொப்பியை நிறுத்திவிட்டு, வாப்பாவின் குரல் உள்ள சிறு பகுதியை மட்டும் முதலில் எடுத்தான். அது சில நிமிடத்தில் வந்து சேர்ந்தது. உம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. பிறகு வயரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கி வந்தோம். ஹால் மூலையில் அலுமாரியின் கால் வயர்மேல் ஏறி நின்றது! போன பெருநாளைக்கு வீடு கழுவும்போது நகர்த்தியது நான்தான். யாரை நோவது?

புதிய வயர் மாட்டியதும் பெரிய வீடியோக்கள் 100க்கு மேல் பறந்தன. சின்னப் படங்கள் வந்தபோது வேகம் குறைந்தது. என்றாலும் ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படியானால், காசை எடுக்குமுன் இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. இரண்டு கணனியும் வயரில்தான் இருக்கின்றனவா? ஒன்று வைஃபையில் இருந்தால் சுவருக்குச் சுவர் வேகம் குறையும். கொப்பி முடியும்வரை இரண்டையும் வயரில் மாட்டுங்கள்.

2. விண்டோஸ் கணனியில் செட்டிங்ஸ், நெட்வேர்க், ஈதர்நெட் என்று போனால் ‘லிங்க் ஸ்பீட்’ தெரியும். இரண்டு கணனியிலும் பாருங்கள். எதில் 100 என்றிருக்கிறதோ, கோளாறு அந்தப் பக்கம்.

3. அந்தப் பக்கத்து வயரை மாற்றிப் பாருங்கள். வயரின் மேல்தோலில் ‘கெட் 5 ஈ’ அல்லது ‘கெட் 6’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். கதவிடுக்கு, கட்டில் கால், யன்னல் நிலை ஆகிய இடங்களை விசேடமாகப் பாருங்கள்.

4. வயர் மாற்றியும் 100தானா? ரவுட்டரில் வேறு துளையில் மாட்டுங்கள். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் எல்லாத் துளைகளுமே 100தான். சிலவற்றில் ஒன்று மட்டும் கிகாபிட். பெட்டியைப் பார்த்து வாங்குவது நல்லது.

5. லிங்க் 1000 காட்டியும் மந்தமா? அப்போது வயரில் குற்றமில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் ஆயிரக்கணக்கான சிறு பைல்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும்போது தவங்கும். பழைய யூஎஸ்பி 2 துளையில் மாட்டிய டிஸ்க் வினாடிக்கு 30, 40 மெகாபைட்டைத் தாண்டுவது அரிது.

இன்னொன்று: டிஸ்க் சத்தம் போட்டால் முதலில் எதை இழக்க மாட்டீர்களோ அதை எடுங்கள். சினிமாவும் பாட்டும் பிறகு. சத்தம் கூடினால் திரும்பத் திரும்ப முயலாமல் நிறுத்திவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது, கங்கையோரக் குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறியதை நாம் மறக்கவில்லை. அந்த நேரத்தில் கணனியைத் தூக்கவா முடியும்? அதனால் இப்போது எங்கள் படங்களின் ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று மதினி வீட்டில். கொப்பி பண்ணுவது சுலபமாக இருந்தால்தான் அடிக்கடி பண்ணுவோம்; பத்து மணித்தியாலம் என்றால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவோம். அந்த நாளைக்குள் டிஸ்க் நின்றுவிடும்.

நேற்று இரவு உம்மா வாப்பாவின் குரலை மறுபடியும் போடச் சொன்னார். பேரப்பிள்ளையைக் கூப்பிடும் ஒரு சிறு சத்தம்தான். அதற்காகவாவது, சகோதரிகளே, இன்றைக்கே உங்கள் அலுமாரியின் காலடியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.