கண்ணுக்குப் பதில் குரலா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

பார்வையற்ற ஒருவர் டிவியில் பாடினால் நம் வீடுகளில் உடனே ஒரு வசனம் வரும். "பாவம், கடவுள் கண்ணை எடுத்துக்கிட்டு அதுக்குப் பதிலா குரலைக் கொடுத்துட்டான்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு இந்த வசனம் பிடிப்பதில்லை. கடவுளே கணக்கைத் தீர்த்துவிட்டார் என்றால் நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை என்று ஆகிவிடுகிறது. கை தட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சேனலுக்குப் போய்விடலாம்.

அது அப்படியில்லை என்பதற்கு நான் அறிந்த நல்ல சாட்சி, அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் வாழ்க்கை. பெயர் தெரியாதவர்கள்கூட 1984-ல் வந்து ஆஸ்கர் வாங்கிய அவருடைய 'ஐ ஜஸ்ட் கால்டு டு சே ஐ லவ் யூ' பாட்டை எங்காவது கேட்டிருப்பீர்கள்.

1950 மே 13-ல் மிச்சிகன் மாநிலத்தில், ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில், ஆறு வாரம் முன்னதாகவே பிறந்தவர். இன்குபேட்டரில் வைத்துப் பிராணவாயு கொடுத்துக் காப்பாற்றினார்கள். உயிர் தங்கியது, பார்வை போய்விட்டது. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிராணவாயு அளவுக்கு மீறினால் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையைக் கெடுத்துவிடும். இதை மருத்துவ உலகம் உறுதி செய்தது 1950-களின் நடுவில்தான். நாலைந்து வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் ஒருவேளை அவருக்குக் கண் தப்பியிருக்கும். ஆகவே, கண்ணை எடுத்தது கடவுள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வார்த்தை. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும், 2 கிலோவுக்குக் குறைவான எடையோடு பிறந்த குழந்தைகளுக்கும், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ வழிகாட்டுதல். காலத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. உறவில் யாருக்காவது குறைமாதக் குழந்தை பிறந்தால், சீர் செய்யப் போகும்போது இதையும் மறக்காமல் கேளுங்கள்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. சிறுவன் ஸ்டீவியின் வாழ்க்கையில் இரண்டு விதமான ஆசிரியர்கள் வந்தார்கள். ஒருவர், நீ ஏழை, கறுப்பன், குருடன், அதனால் கைவேலை செய்துதான் பிழைக்க வேண்டியிருக்கும் என்று சொன்னாராம். ஸ்டீவியே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் டெட் ஹல். அவருக்கே பார்வைக் குறைபாடு உண்டு. 11 வயதில் மோடவுன் இசைக் கம்பெனியில் சேர்ந்த பையன், 13 வயதில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்துவிட்டான். ஊர் ஊராகக் கச்சேரி. படிப்பு என்ன ஆவது? டெட் ஹல் கூடவே பயணம் செய்து, போன இடத்திலெல்லாம் பாடம் நடத்தினார். ஊர் திரும்பினால் பார்வையற்றோருக்கான மிச்சிகன் பள்ளியில் படிப்பு தொடர்ந்தது.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, நம் தொழிலில் இந்த இரண்டு விதமானவர்களும் இன்றும் இருக்கிறார்கள். முதலாமவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பையனுக்கு உலகத்தைப் பற்றி எச்சரிக்கை செய்வதாக நினைத்திருப்பார். ஆனால் அவர் ஒரு பிள்ளையின் எல்லையைத் தானே தீர்மானித்துவிட்டார். டெட் ஹல், அந்தப் பிள்ளை எப்படிப் படித்தால் படிக்க முடியும் என்று பார்த்தார். ஆசிரியரின் வேலை இரண்டாவதுதான்.

21 வயதானதும் ஸ்டீவி செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய ஒப்பந்தம் முடிந்தது. அதை அப்படியே நீட்டிக்காமல், எந்தப் பாட்டை எப்படிச் செய்வது என்பதைத் தானே முடிவு செய்வேன் என்று பேரம் பேசிப் புதிய ஒப்பந்தம் போட்டார். 1973-ல் வந்த 'இன்னர்விஷன்ஸ்' தொகுப்பில் பல பாடல்களுக்கு டிரம்ஸ் உட்பட எல்லா வாத்தியங்களையும் அவரே வாசித்தார். நான்கு வருட இடைவெளிக்குள் வெளிவந்த மூன்று தொகுப்புகள், ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றன. இத்தனை உழைப்பையும் "கண்ணுக்குப் பதில்" கிடைத்த நன்கொடை என்று எப்படிச் சொல்வது?

1976-ல் ரே கர்ஸ்வைல் என்ற பொறியாளர், அச்சிட்ட புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கும் இயந்திரத்தைச் செய்தார். செய்தி கேட்டதும் தேடிப் போய் அதன் முதல் வாடிக்கையாளர் ஆனவர் ஸ்டீவி. இன்று நம் கைபேசியே செய்கிற வேலையை அன்று செய்ய ஒரு மேசையை அடைக்கும் இயந்திரம் தேவைப்பட்டது. அந்தப் பழக்கத்தில், உண்மையான பியானோ போலவே ஒலிக்கும் மின்னணு வாத்தியம் செய்ய முடியாதா என்று அவர் கேட்கப்போய், கர்ஸ்வைல் 1982-ல் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். இரண்டு ஆண்டில் வாத்தியம் வெளிவந்தது. பார்வையற்ற ஒருவர் கேட்டதால் பார்வையுள்ள இசைக்கலைஞர்களுக்கும் ஒரு கருவி கிடைத்தது.

அவர் செய்த வேறொரு வேலை நம் நாட்டையும் தொடுகிறது. ஒரு புத்தகத்தைப் பிரெய்லிலோ ஒலி வடிவிலோ மாற்றவும், மாற்றியதை நாடு விட்டு நாடு அனுப்பவும் காப்புரிமைச் சட்டங்கள் குறுக்கே நின்றன. 2010-ல் ஸ்டீவி ஜெனீவாவுக்குப் போய், உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் கூடியிருந்த நாடுகளிடம் இதைத் தீர்த்து வையுங்கள் என்று கேட்டார். 2013 ஜூனில் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் ஒப்பந்தம் நிறைவேறியது. வாக்குக் கொடுத்தபடியே அங்கும் போய்ப் பாடினார். அந்த மராக்கேஷ் ஒப்பந்தத்தை உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு எது தெரியுமா? இந்தியா. 2014 ஜூனில். 2016-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நம் நாட்டில் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் தொடங்கியது. இந்திய மொழி நூல்களும் அதில் உண்டு.

"எல்லாம் சரி டீச்சர், பிறவித் திறமை இல்லாமலா?" என்று கேட்பீர்கள். திறமை உண்டு, மறுக்கவில்லை. பிரெய்ல் கற்ற எல்லாக் குழந்தையும் ஸ்டீவி வொண்டர் ஆகிவிடாது. பள்ளிக்கூடம் போன பார்வையுள்ள பிள்ளைகள் எல்லாருமே இளையராஜா ஆகிவிட்டார்களா? அதற்காக அவர்களுக்குப் புத்தகம் கொடுக்காமல் இருந்தோமா? பார்வையற்ற பிள்ளை மேதையாக இருந்தால்தான் மதிப்போம் என்பதும் ஒருவகை அநியாயம்தான். அது வங்கி எழுத்தராகலாம், என்னைப் போல் வாத்தியாராகலாம். அதற்கும் படிக்கப் புத்தகம் வேண்டும்.

2016 கிராமி விழாவில், விருது பெற்றவரின் பெயர் இருந்த உறையைப் பிரித்து அரங்கத்துக்குக் காட்டினார் ஸ்டீவி. உள்ளே பிரெய்ல். உங்களால் இதைப் படிக்க முடியாதே என்று கேலி செய்தார். அரங்கம் சிரித்தது. பிறகு, மாற்றுத்திறனாளிகள் ஒவ்வொருவருக்கும் எல்லாமே எட்டும்படி செய்ய வேண்டும் என்றார்.

சரி, நம்மால் ஆவது என்ன? பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வு எழுத ஆள் கிடைப்பது இன்றும் பாடாக இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் அருகில் உள்ள கல்லூரியில் பெயர் கொடுங்கள். புத்தகம் எழுதும், அச்சகம் நடத்தும் என் மாணவர்கள், பார்வையற்ற வாசகர் கேட்டால் யூனிகோடு கோப்பைக் கொடுத்து உதவுங்கள்.

இன்னொன்று, எல்லாராலும் முடிந்தது. வாட்ஸ்அப்பில் செய்தியையும் அழைப்பிதழையும் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். பார்வையற்றவரின் கைபேசி எழுத்தாக வருவதைத்தான் தடுமாறாமல் படித்துக் காட்டும். கீழே இரண்டு வரி தட்டச்சு செய்தால் போதும். இந்தப் பதிவை நான் அலங்காரப் படமாகப் போடாமல் எழுத்தாகவே போட்டிருப்பதும் அதற்காகத்தான்.

உங்கள் வீட்டில், தெருவில், வகுப்பில் பார்வை குறைந்த பிள்ளை யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன புத்தகம் தேவை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கே கேட்டால் கிடைக்கும் என்று சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்