லத்தீனை விட்டு இறங்கிய பேராசிரியர்

1687-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் லைப்சிக் சர்வகலாசாலைப் பலகையில் ஓர் அறிவிப்பு தொங்கியது. ஒட்டியவர் கிறிஸ்டியன் தொமாசியஸ் என்ற 32 வயதுச் சட்ட ஆசிரியர். பண்டிதர்கள் கொதித்தார்கள். அறிவிப்பு ஜெர்மன் மொழியில் இருந்தது. பாடமும் ஜெர்மனில்தான் நடக்கும் என்றது! படித்தவர்களுக்கு லத்தீனே மொழி என்றிருந்த காலம். வீட்டுப் பாஷையில் வித்தை சொல்லிக் கொடுப்பதா?

மறு வருஷமே ஜெர்மனில் ஒரு மாதப் பத்திரிகையும் தொடங்கினார். எதிரிகள் பெருகினர். 1690-ல் வாய்ப்பூட்டுப் போட்டார்கள். மனிதர் ஹாலே நகருக்குப் போய்விட்டார். அங்கே 1694-ல் புதிய சர்வகலாசாலையே எழுந்தது.

அதே 1694-ல், சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கு, அபிப்பிராயம் கேட்டுச் சட்டத் துறைக்கு வந்தது. சித்திரவதை செய்து விசாரிக்கலாம் என்றார் தொமாசியஸ்! சகாக்கள் மறுத்துவிட்டார்கள். அந்த வழக்குதான் அவரை யோசிக்க வைத்தது. 1701-ல் சூனிய வழக்குகளையும், 1705-ல் சித்திரவதையையும் கண்டித்து அவர் தலைமையில் ஆய்வுரைகள் வந்தன. (வேடிக்கை, அவை லத்தீனில் வந்தன. பண்டிதர்களைத் திருத்த அவர்கள் பாஷை வேண்டியிருந்தது போலும்!)

தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் வைத்த சீகன்பால்கு, ஹாலேயில் படித்தவர். அதே தரங்கம்பாடியில் பின்னாளில் முன்சீபாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. 1805 முதல் 1861 வரையிலான கோர்ட்டுத் தீர்ப்புகளை "சித்தாந்த சங்கிரகம்" என்று தமிழில் தந்தவர் அவர்தான்.

நம் கீழ்க்கோர்ட்டுகளுக்குத் தமிழை மொழியாக்க 1976-ல் சட்டம் திருத்தப்பட்டது. எரியோட்டுச் சம்சாரி ஒருவர் கிணற்றுத் தகராறில் திண்டுக்கல் கோர்ட்டில் தமிழிலேயே சாட்சி சொல்லலாம். அப்பீல் மதுரைக் கிளைக்குப் போனால், அவருடைய கிணறு இங்கிலீஷ் பேச ஆரம்பித்துவிடும்! தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, கிணறு நமக்கா, அவங்களுக்கா?" என்று வக்கீலிடம் கேட்க வேண்டும்.

ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஹைகோர்ட்டுகளில் இந்திக்கு அனுமதி உண்டு. தமிழுக்கும் அதைக் கேட்டு 2006-ல் சட்டசபை தீர்மானம் போட்டது, கிடைக்கவில்லை. வெளி மாநில நீதிபதிகள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆங்கிலத் தீர்ப்பு இருக்கட்டும். ஆனால் கட்சிக்காரர் கையில் கொடுக்கும் நகல் தமிழிலும் இருக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது.