கல் உப்பைக் கரைத்தால் கடல் ஆகுமா?



வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல் மீனும் பவள உயிர்களும் வளர்க்கும் ஆசை நம் பகுதிகளிலும் தலைகாட்டியிருக்கிறது. இது கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்களின் வியாபாரம், மளிகைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். உப்பு என்றதும் வாடிக்கையாளர் படியேறுவது நம் கடையில்தானே! "தொட்டிக்குப் போட கடல் உப்பு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்பவரிடம், "இதுவும் கடல் உப்புதான்" என்று கல் உப்பை நிறுத்துக் கொடுப்பது முறையாகாது என்பதே எமது கருத்து.

காரணம் உப்பளத்திலேயே இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். அதன்பிறகே உப்பு விளையும். மக்னீசியமோ கடைசியில் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். ஆகவே நாம் விற்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. பாக்கெட் உப்பு அதனினும் சுத்திகரித்தது. பவள உயிரோ நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டே தன் கூட்டைக் கட்டுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் உண்டு. கல் உப்புக் கரைசலில் இந்த அளவுக்கு எங்கே போவது?

காட்டுப்பள்ளிக் கரையில் கேனில் மொண்டு வந்தால் போதாதா என்பாரும் உண்டு. அங்கே கடல் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசஸ்தலையாற்று வெள்ளம் எண்ணூர் கழிமுகம் வழியாகவும், பழவேற்காடு ஏரியின் மழைநீர் முகத்துவாரம் வழியாகவும் கடலில் சேர, கரையோர நீரில் உப்பு குறைந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெயும் கலந்தது. முகத்துவாரம் தூர்ந்தால் ஏரியில் இறால் வரத்தே குறையும் என்பது பழவேற்காட்டு மீனவர் அறிந்த பாடம். அத்தனை பெரிய ஏரிக்கே அந்தக் கதி என்றால் நாலடித் தொட்டி எம்மாத்திரம்?

கேட்பவரிடம் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: கடல் தொட்டிக்கென்றே தயாராகும் உப்புக் கலவையை வண்ணமீன் கடையில் வாங்குங்கள். 100 லிட்டருக்கு மூன்றரை முதல் நாலு கிலோ வரை பிடிக்கும். சவ்வூடு முறையில் சுத்திகரித்த நீரில் கரையுங்கள். காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர்க் குடிநீர் ஆலையிலும் இதே முறைதான். தொட்டியில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். காரத்தன்மையை உயர்த்தும் சமையல் சோடா நம் கடையில் இருப்பதுதான். ஆனால் பரிசோதித்துப் பார்க்காமல் கரண்டிக் கணக்கில் போட்டால் உயிர்கள் மடியும்.

மற்றொன்று. கடின வகைப் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் ஒடித்த பவளத்தை அழகுப் பொருள் என்று யார் கொண்டு வந்தாலும் கடைக்குள் விடாதீர்கள். விற்றால் வழக்கும் தண்டனையும் நம் தலையில்தான்.

ஒரு கிலோ உப்பில் நமக்கு நிற்பது சொற்பக் காசு. அதை நம்பியவருக்கு நட்டமோ ஆயிரக்கணக்கில். "இது சமையலுக்குத்தான், தொட்டிக்கு ஆகாது" என்று சொல்லி அனுப்புங்கள். இன்று உப்பு வாங்காமல் போனவர், நாளை மாதச் சாமான் பட்டியலோடு நம் கடைக்கே வருவார்.