காந்தளும் கவனமும்

கார்த்திகை மாதத்து மழையிலே வேலிகளிற் படர்ந்து தீச்சுடர் போல் மலரும் கார்த்திகைப்பூவை அறியாதார் நம்முள் அரியர். சங்கப் புலவர் போற்றிய செங்காந்தள் இதுவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் முதலிடம் பெற்றதும் இதுவேயாம். மகளிர் விரலுக்கு இம்மலரை உவமை கூறுதல் பண்டைத் தமிழ் மரபு.

இக்கொடி ஏறும் விதம் மாணவர் கூர்ந்து நோக்கத்தக்கது. அவரையைப் போல் இது தண்டினாற் சுற்றுவதில்லை. பாகலைப் போல் தனித் தந்து விடுவதுமில்லை. இலையின் நுனியே நீண்டு சுருண்டு கொழுகொம்பைப் பற்றுகின்றது. மலரின் ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து, பச்சையாய்த் தொடங்கி, மஞ்சளாகி, ஈற்றிற் செந்நிறம் எய்தும். ஒரே கொடியிற் பல நிறங்கள் தோன்றுதல் இதனாலேயே.

வளர்த்தல் எளிது. கிழங்கு கலப்பை போல் இரு கிளையாயிருக்கும். முளை கிளையின் நுனியிலேயே உண்டாகும். ஆதலின் நுனி முறியாமற் கையாளுதல் வேண்டும். புரட்டாதியில், மாரிமழைக்கு முன்னர், வெயில் படுவதும் நீர் தேங்காததுமான இடத்தில் 3 அங்குல ஆழத்திற் கிழங்கைக் கிடையாக இட்டு, மக்கிய எரு சிறிது சேர்த்து, அருகே கொம்பொன்று நடுக. பூத்து ஓய்ந்தபின் கொடி காய்ந்துவிடும். பட்டுவிட்டதென்று எண்ணி நீர் ஊற்றலாகாது. கிழங்கு மண்ணுள் உறங்குகின்றது. ஈரம் மிகுந்தால் அழுகிவிடும்.

இனி, இன்றியமையாத செய்தியொன்று. இக்கொடியின் எல்லா உறுப்பும் நஞ்சு. கிழங்கோ கொடிய நஞ்சு. இதிலுள்ள கொல்சிசின் என்னும் பொருள், மருத்துவர் அளந்து கொடுக்குங்கால் மூட்டுவாத வகையொன்றுக்கு மருந்தாகும். பயிராராய்ச்சியாளர்க்கு நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கும் கருவியுமாகும். அளவின்றி உட்சென்றாலோ உயிரையே மாய்க்கும். வத்தாளங்கிழங்கென மயங்கி இதனை அவித்துண்டு மாண்டோர் இந்நாட்டில் உளர். அவித்தாலும் நஞ்சு நீங்காது. யாரேனும் உண்டதாக ஐயம் எழுந்தால், வாந்தி தொடங்கும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

அவ்வாறாயின் கொடியைக் கல்லி எறிந்துவிடலாமே என்பார் உளர். வேலி தோறும் தானாக முளைப்பதை எத்தனை நாள் கல்லுவது? அறியாப் பிள்ளைக்கு அயல் வேலியும் ஆபத்தே; அறிந்த பிள்ளைக்குத் தன் முற்றத்துக் கொடியால் அச்சமில்லை. எனவே கிழங்குப் பாத்திக்கு அப்பால் இதனை நடுவோம். தொட்ட கையைக் கழுவப் பழக்குவோம். கொடி காய்ந்து, மண்மேல் அடையாளம் ஏதுமில்லாத கோடை மாதங்களே மிக்க கவனத்துக்குரியவை. கிழங்கு கிடக்கும் இடத்தில் அடையாளத் தடியொன்றை நாட்டி, அதன் காரணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக.